மண் வீட்டுக்குக் கல்வெட்டு கிடையாது

1863-ம் ஆண்டு, மே 30. கத்திரி வெயில் முடிந்தும் முடியாத நேரம். மெட்ராஸுக்குத் தெற்கே, பல்லாவரம் ராணுவ மைதானத்தில் சரளை தோண்டிய பள்ளம் ஒன்றில் ஓர் ஆங்கிலேய இளைஞர் இறங்கித் தேடிக்கொண்டிருந்தார். பெயர், ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் உத்தியோகம். வயது முப்பதைத் தொடவில்லை. பள்ளத்திலிருந்து ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். சாதாரணக் கண்ணுக்கு அது வெறும் கல். ஃபூட்டுக்கு அது கைக்கோடரி! ஆதி மனிதன் தட்டித் தட்டிக் கூர்மையாக்கிய ஆயுதம். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சாட்சி நம்ம பல்லாவரத்தில்தான் கிடைத்தது.

அதற்குப் பிறகு ஃபூட் ஓயவில்லை. அதே ஆண்டு அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் கல்லாயுதங்களைக் கண்டார்கள். அந்த ஊர்க் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் விஞ்ஞானிகள் கணித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் கல்லைப் பற்றி இன்னும் நூறு கட்டுரைகள் வரும்.

நாம் பேசப்போவது கல்லைப் பற்றி இல்லை. அந்தக் கல் புதைந்து கிடந்த மண்ணைப் பற்றி!

ஃபூட் இறங்கிய பள்ளத்தில் இருந்தது செம்புறாங்கல் சரளை. துருப்பிடித்த இரும்பு மாதிரி சிவந்த மண். இதற்குப் புவியியல்காரர்கள் வைத்த பெயர், 'லேட்டரைட்'. பெயர் வந்த கதை சுவாரஸ்யமானது. திப்பு சுல்தான் வீழ்ந்த அடுத்த ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனி ஃபிரான்சிஸ் புக்கானன் என்ற டாக்டரை ஒரு நீண்ட பயணத்துக்கு அனுப்பியது. மெட்ராஸில் கிளம்பி மைசூர், கனரா, மலபார் என்று சுற்றினார். மலபாரில் அங்காடிப்புரத்துப் பக்கம் ஒரு காட்சி. ஜனங்கள் தரையிலிருந்தே செங்கல் செங்கல்லாக வெட்டி எடுக்கிறார்கள். தோண்டும்போது மெத்தென்று இருக்கும் மண், காற்றுப் பட்டதும் இறுகிக் கல்லாகிவிடுகிறது. சூளை வேண்டாம், விறகு வேண்டாம். அசந்துபோன புக்கானன், லத்தீன் மொழியில் செங்கல்லைக் குறிக்கும் 'லேட்டர்' என்ற சொல்லிலிருந்து 1807-ல் அதற்குப் பெயர் வைத்தார். இன்று ஆப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் புவியியல் மாணவர்கள் படிக்கிற அந்தப் பெயருக்குப் பின்னால், மலபாரில் வீடு கட்டிக்கொண்டிருந்த பெயர் தெரியாத சாதாரண மனிதர்கள் இருக்கிறார்கள்.

ஆக, இந்தியாவின் முதல் கற்கால ஆயுதம் கிடைத்த மண்ணுக்கே 'செங்கல் மண்' என்றுதான் அர்த்தம். ஆனால், அந்த மண்ணால் நம்மவர்கள் கட்டிக்கொண்டு வாழ்ந்த வீடுகள் எங்கே? சரித்திரம் அதைப் பற்றி ஏன் வாயே திறப்பதில்லை?

பல்லாவரத்திலேயே இதற்கு விடை தேடலாம்.

1880-களின் பிற்பகுதியில், தொல்லியல் அறிஞர் அலெக்சாண்டர் ரீ பல்லாவரம் மலைப்பக்கம் தோண்டியபோது சுடுமண்ணால் செய்த ஈமப்பேழைகள் கிடைத்தன. சின்னச் சின்னக் கால்கள் வைத்த, தொட்டி மாதிரியான பெட்டி. பெருங்கற்கால மக்கள் செத்தவர்களின் எலும்பை வைத்துப் புதைத்த மண் பெட்டி. பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால், அரசு அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். இறந்தவருக்குச் செய்த மண் வீடு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் தாங்கியிருக்கிறது. காரணம், அது நெருப்பில் சுட்ட மண். அதைச் செய்தவர்கள் உயிரோடு இருந்தபோது வாழ்ந்த வீடு? பச்சை மண்ணும் மரமும் ஓலையுமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அது மண்ணோடு மண்ணாகிவிட்டது.

கொஞ்சம் காலத்தைத் தள்ளுங்கள். ஏழாம் நூற்றாண்டு. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பல்லாவரம் மலையைக் குடைந்து ஒரு குகைக்கோயில் அமைத்தான். தன் பட்டப்பெயர்களை வரிசையாக அதில் வெட்டிவைத்தான். இன்று அந்தக் குகை இஸ்லாமியரின் வழிபாட்டுத் தலமாக இருக்கிறது. கடவுள் மாறினாலும் கல் அப்படியே நிற்கிறது. இதே மகேந்திரன், விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டில் இன்னொரு குகைக்கோயிலைக் குடைந்து, அங்கே ஒரு கல்வெட்டில் பெருமையடித்துக்கொண்டான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இந்தக் கோயிலை எடுத்தேன் என்று!

இந்தக் கல்வெட்டைத் திருப்பிப் போட்டுப் படியுங்கள். 'இதெல்லாம் இல்லாமல் கட்டினேன்' என்று ஒரு ராஜா பீற்றிக்கொள்கிறார் என்றால், அதுவரைக்கும் கோயிலே செங்கல்லாலும் மரத்தாலும்தான் கட்டப்பட்டது என்று அர்த்தம். சாமிக்கே அந்த நிலைமை என்றால், குடியானவனுக்குக் கருங்கல் வீடு எங்கிருந்து வரும்? ராஜா கல்லில் கட்டினார், கல்லில் எழுதினார். ஜனங்கள் மண்ணில் கட்டினார்கள், எதையும் எழுதவில்லை.

ஆனாலும் அவர்கள் ஒரு தடயம் விட்டுப்போனார்கள். 'நத்தம் பட்டா' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். புறநகரில் மனை வாங்கப் போனவர்கள் எல்லோரும் இந்த வார்த்தையில் ஒருமுறையாவது இடறி விழுந்திருப்பார்கள். நத்தம் என்றால் ஊர் குடியிருக்கும் இடம். பழைய ஊர்களில் 'நத்தமேடு' என்று ஓர் இடம் இருக்கும். சமதரையில் திடீரென்று மேடு எப்படி வந்தது? மண் வீடு கட்டுவார்கள். ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை வாழ்வார்கள். வீடு பழுதானால் விட்டத்தையும் கதவையும் கழற்றிக்கொண்டு சுவரை மழைக்கு விட்டுவிடுவார்கள். சுவர் கரைந்து தரை உயரும். அதன் மேலேயே அடுத்த வீடு. இப்படி நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வீட்டின் மேல் வீடு கரைந்து உயர்ந்ததுதான் அந்த மேடு. தொல்லியல்காரர்கள் ஊர் ஊராக முதலில் தேடுவதும் இதைத்தான். கரைந்த வீட்டு மண்ணை உரமாக வயலுக்கு அள்ளிப்போன ஊர்களும் உண்டு. இடித்த வீடு பயிராகிற வித்தை! இன்றைக்கு ஒரு கான்கிரீட் வீட்டை இடித்தால் அந்தக் கழிவை எங்கே கொட்டுவதென்று தெரியாமல், ராத்திரியோடு ராத்திரியாக ஏதாவது ஓர் ஏரிக்கரையில் சாய்த்துவிட்டுப் போகிறது லாரி.

சரி, மண் வீடு எப்படிக் கட்டினார்கள்? 'மண்ணைக் குழைத்து அப்ப வேண்டியதுதானே' என்று நினைத்தால் தப்பு.

முதலில் மண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெறும் களிமண் காய்ந்தால் வெடிக்கும். வெறும் மணல் ஒட்டாது. இரண்டும் அளவாகக் கலந்த மண் வேண்டும். லேசாக ஈரப்படுத்தி, உருண்டை பிடித்துக் கீழே போடுவார்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் மணல் ஜாஸ்தி. சப்பென்று அப்பமாக உட்கார்ந்துவிட்டால் களி ஜாஸ்தி. நாலைந்து துண்டாக உடைந்தால், இது சுவருக்கு ஆகும்! பரிசோதனைக்கூடம், ரசாயனம் எதுவும் தேவையில்லை. ஒரு கைப்பிடி மண்ணும் இடுப்பு உயரமும் போதும்.

தண்ணீர் விட்டு ஊறவைத்து, வைக்கோலை நறுக்கிப் போட்டு, காலால் மிதிப்பார்கள். மாட்டை விட்டும் மிதிப்பதுண்டு. சில நாட்கள் அப்படியே புளிக்க விடுவார்கள். வைக்கோல் எதற்கு? சுவர் காயும்போது இழுபட்டு வெடிக்காமல் பிடித்துக்கொள்ள. இன்றைய கான்கிரீட்டில் கம்பி செய்கிற வேலையில் ஒரு பகுதியை அன்று வைக்கோல் செய்தது.

சுவர் ஒன்றரை அடி கனம். ஒரேயடியாக எழுப்பிவிட முடியாது. ஒரு முழம், ஒன்றரை முழம் உயர்த்தி, காயவிட்டு, அதன் மேல் அடுத்த வரிசை. அவசரப்பட்டால் அடிச்சுவர் பிதுங்கி எல்லாம் சரிந்துவிடும். அதனால் அறுவடை முடிந்து, மழைக்கு முந்திய வெயில் மாதங்களில்தான் வீட்டு வேலை. அப்போதுதான் வைக்கோலும் கிடைக்கும், கையும் சும்மா இருக்கும். வீடு கட்டுவதற்கும் விவசாயத்துக்கும் ஒரே பஞ்சாங்கம்.

மண் சுவருக்கு முதல் எதிரி, தண்ணீர். கீழேயிருந்து ஊறும் ஈரத்துக்குக் கருங்கல் அடித்தளம், உயர்ந்த திண்ணை. மேலேயிருந்து அடிக்கும் சாரலுக்குத் தாழ இறங்கிய கூரை. கிராமத்து வீட்டுக்குள் நுழையும்போது தலை இடிக்கிறதே, அதைப் பார்த்து, 'என்னப்பா, வாசலைக் கொஞ்சம் உயரமா வெச்சிருக்கக் கூடாதா?' என்று கேட்டிருப்போம். அந்த எரவாணம் ஒரு முழம் தாழ்ந்திருந்ததால்தான் சுவர் ஐம்பது மழைக்காலத்தைத் தாண்டியது. பனைமரச் சட்டம், மூங்கில், மேலே கீற்றோ விழலோ நாட்டு ஓடோ. தரைக்குச் சாணி மெழுக்கு. மூங்கில், பனை, வைக்கோல், சாணம் எதற்கும் ஊர் எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை. மண் எடுத்த பள்ளத்தில் மழை பெய்து, மாடு குளிக்க ஒரு குட்டையும் கிடைத்துவிடும்!

கனமான மண் சுவர் பகல் வெயிலை உடனே உள்ளே விடாது. மெதுவாக வாங்கி, வெளியே சூடு தணிந்த பிறகு மெதுவாக விடும். மே மாத மத்தியானத்தில் அந்த வீட்டுக்குள் படுத்துத் தூங்கியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

ஆஹா, எப்பேர்ப்பட்ட பொற்காலம் என்று பெருமூச்சு விடத் தோன்றுகிறதா? இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

கொங்கு நாட்டில் இடைக்காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கம்மாளர்களுக்கு, அதாவது தச்சர், கொல்லர், கல்தச்சர் போன்ற கைவினைஞர்களுக்கு, அரசன் கொடுத்த உத்தரவு அது. என்ன சலுகை தெரியுமா? நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம். வெளியே போகும்போது செருப்புப் போட்டுக்கொள்ளலாம். தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம்!

இந்தக் கல்வெட்டையும் திருப்பிப் போட்டுப் படியுங்கள். அனுமதி கொடுக்கிறார்கள் என்றால், அதுவரை அனுமதி இல்லை. அரண்மனைக்கும் கோயிலுக்கும் பளபளவென்று சாந்து பூசிக்கொடுத்த சமூகம், தன் வீட்டுச் சுவரில் அதைப் பூச ராஜாவின் ஆணைக்குக் காத்திருந்தது. கம்மாளருக்கே இந்தக் கதி என்றால், அவர்களுக்கும் கீழே என்று தள்ளிவைக்கப்பட்டவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். யார் ஓடு போடலாம், யார் மாடி எடுக்கலாம் என்பதற்கெல்லாம் ஊருக்கு ஊர் எழுதாத சட்டம் இருந்தது. மண் வீடு சிலருக்குத் தேர்வு. பலருக்கு அது விதிக்கப்பட்ட எல்லை.

1968 டிசம்பர் 25. கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள் உயிருக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒதுங்கின. குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் கருகிப்போனார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும் அந்தப் பகுதியிலேயே தங்கி, நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கப் போராடினார்கள். பிற்காலத்தில் கிருஷ்ணம்மாள் இறங்கிய பெரிய வேலை எது தெரியுமா? மண் குடிசைகளுக்குப் பதிலாகச் செங்கல் வீடு கட்டிக்கொடுப்பது! காந்தியின் வழியில் வந்தவர், காந்தியே மண் குடிலில் வாழ்ந்து காட்டியது தெரிந்தவர், செங்கல் வீடு கேட்கிறார். காரணம், தீ வைத்தால் பற்றாத கூரையும், மழை வந்தால் கரையாத சுவரும் அந்தப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று அருகிலிருந்து பார்த்தவர் அவர். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டியெடுத்தபோது, கூரை பறந்து தெருவுக்கு வந்தவர்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மண் வீடு ஆண்டுக்கு ஆண்டு பராமரிப்பு கேட்கும். தரை மெழுகுவது, விரிசலுக்கு மண் அப்புவது, பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்பது... இதையெல்லாம் யார் செய்தார்கள்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். சம்பளம் கிடையாது. சிமென்ட் தரை வந்தபோது முதலில் சந்தோஷப்பட்டவர்கள் அவர்கள்தான். 'கல் வீடு' என்று தமிழன் ஆசையோடு சொன்னதில் இவ்வளவு விஷயம் அடங்கியிருக்கிறது. சுட்ட மண்ணைக்கூட நாம் 'செங்கல்' என்றுதான் சொல்கிறோம். மண் என்று சொல்ல மனசு வரவில்லை!

சிமென்ட்டுக்கு வருவோம். இந்தியாவில் போர்ட்லண்ட் சிமென்ட் தயாரிக்கும் முயற்சி எங்கே நடந்தது என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் மெட்ராஸில்தான். 1904-ல், சவுத் இந்தியா இண்டஸ்ட்ரியல்ஸ் என்ற கம்பெனி கடல் கிளிஞ்சல்களைச் சுட்டு சிமென்ட் தயாரித்துப் பார்த்தது. வியாபாரம் நிற்கவில்லை. 1914-ல் குஜராத்தின் போர்பந்தரில் தொழிற்சாலை வந்த பிறகுதான் சிமென்ட் காலூன்றியது. அதற்குள் கூரையில் ஒரு புரட்சி நடந்துவிட்டிருந்தது. 1865-ல் பாசல் மிஷன் பாதிரிமார்கள் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் 'சீமை ஓடு' தென்னிந்தியா முழுக்கப் பரவி, நாட்டு ஓட்டை ஓரங்கட்டியது. கூரையைத் தொடர்ந்து சுவரும் ஊரைவிட்டு வெளியேறியது.

இதில் பல்லாவரத்தின் பங்கு பெரிசு. இங்குள்ள கருங்கல்லுக்கு உலகப் புகழ் உண்டு. கல்கத்தாவின் ஆரம்பகாலக் கதையில் வரும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர், 1893-ல் அந்தக் கல் வகைக்கு 'சார்னகைட்' என்று பெயர் வைத்தார். அந்த வகைக் கல்லுக்கு ஆதார ஊர்கள் பரங்கிமலையும் பல்லாவரமும். கல்லறைக்கல்லாக ஊர்விட்டு ஊர் போன அந்தக் கல், பிறகு ஜல்லியாக நொறுங்கி சென்னையின் தூண்களுக்குள் போனது. பல்லாவரம், திரிசூலம், பம்மல் பக்கம் மலைகள் தேய்ந்தன. சில இடங்களில் மலை இருந்த இடத்தில் பள்ளமே ஆகிவிட்டது. மண் எடுத்த குட்டையில் மாடு இறங்கிக் குளிக்கலாம். கல் எடுத்த குட்டை செங்குத்தாகப் பல பத்து அடிக்கு இறங்கும். நீச்சல் தெரிந்த பையன்களே திரும்பி வராத கதைகளைப் புறநகர்க்காரர்கள் அறிவார்கள். 2017 வறட்சியில் குடிநீர் வாரியம் மாங்காடு அருகே சிக்கராயபுரம் கல்குவாரிப் பள்ளங்களில் தேங்கிய தண்ணீரைச் சுத்திகரித்து நகரத்துக்குக் கொடுத்தது. நாம் வீடு கட்ட வெட்டிய பள்ளத்திலிருந்தே நமக்குக் குடிநீர்!

சிமென்ட் விஷயம் இன்னும் தீவிரம். சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் சூட்டில் வாட்டினால்தான் சிமென்ட். எரிக்கிற நிலக்கரியிலிருந்து மட்டுமல்ல, அந்தக் கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது. உலகம் கக்கும் கரியமில வாயுவில் 7, 8 சதவிகிதம் சிமென்ட்டால் என்கிறார்கள். சிமென்ட் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்து இந்தியாதான்.

இந்தக் கவலையெல்லாம் எழுவதற்கு முன்பே, வேறு காரணத்துக்காக மண்ணைத் திரும்பிப் பார்த்தவர்கள் சிலர் உண்டு. 1936-ல் சேவாகிராமத்துக்குக் குடிபோன காந்தி, மண் சுவரும் மூங்கிலும் நாட்டு ஓடும் கொண்ட குடிலில் வாழ்ந்தார். அந்தக் குடில்கள் இன்னும் நிற்கின்றன. 1940-களில் பம்பாயில் காந்தியைச் சந்தித்தார் இங்கிலாந்துக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். ஒரு நல்ல கிராமத்து வீட்டுக்கான பொருள் எல்லாம் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னது, பேக்கரின் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. இந்தியாவிலேயே தங்கி, கேரளத்தில் குறைந்த செலவில் ஏராளமான வீடுகள் கட்டி, 2007-ல் மறைந்தார்.

பேக்கரின் கை பட்ட இடம் பல்லாவரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ரேடியல் ரோட்டில் பெரிய ஏரியைத் தாண்டி, துரைப்பாக்கம் வழியாக ஈ.சி.ஆர். பிடித்துத் தெற்கே போனால் முட்டுக்காடு. அங்கே 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவுக்கு வடிவமைப்பு தந்தவர் அவர்தான். தென்னிந்திய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்தும், அதே முறையில் கட்டியும் வைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் தூண்களுக்கு முன்னால் நின்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஆந்திரக் கடலோரத்து வட்ட மண் வீட்டையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஏன் வட்டம்? புயல் காற்றுக்கு மோத ஒரு மூலை கிடைக்காது! குஜராத்தின் கட்ச் பகுதியிலும் இதே யோசனை. 'பூங்கா' என்று அழைக்கப்படும் வட்ட மண் வீடுகள் பல, 2001 ஜனவரி பூகம்பத்தைத் தாங்கி நின்றன. அதற்காக மண் என்றாலே தாங்கிவிடும் என்று சொல்லிவிட முடியாது. 2003 டிசம்பரில் ஈரானின் பாம் நகரத்து மண் கட்டடங்கள் பூகம்பத்தில் நொறுங்கி, இருபதாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். மண் காப்பாற்றுமா, கொல்லுமா என்பதைக் கட்டுகிறவரின் அறிவுதான் தீர்மானிக்கிறது.

அந்த அறிவை இந்தக் காலத்துக்கு ஏற்றபடி புதுப்பிக்க முடியுமா? முடியும். எகிப்தில் ஹசன் ஃபாத்தி என்ற கட்டடக் கலைஞர் 1940-களில் பச்சைச் செங்கல்லால் ஏழைகளுக்கு ஒரு கிராமத்தையே கட்டினார். அழகான கிராமம். ஆனால், யாருக்காகக் கட்டினாரோ அவர்களில் பலர் குடிவர மறுத்துவிட்டார்கள்! அவர்களைக் கலந்துகொள்ளாமல் அரசாங்கம் எடுத்த முடிவு அது. ஃபாத்தியின் பெயரில் ஏழைகளுக்கான கட்டடக்கலைக்கு வழங்கப்படும் விருது, 1992-ல் நம் பக்கத்து ஆரோவில்லின் பார்வையாளர் மையத்துக்குக் கிடைத்தது. அங்குள்ள மண் கட்டுமான நிறுவனம் 1989-லிருந்து ஒரு முறையைக் கற்றுக்கொடுக்கிறது. மண்ணோடு சுமார் 5 சதவிகிதம் சிமென்ட் கலந்து, கையால் இயக்கும் எந்திரத்தில் அழுத்திக் கட்டியாக்குவது. சூளை கிடையாது, விறகு கிடையாது. நான்கு வாரம் நனைத்து வைத்தால் போதும். மழைக்குக் கரையாது, மாடி எழுப்பலாம். ஆண்டுதோறும் மெழுக வேண்டிய அவசியமும் இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் 1970-களிலிருந்து இந்த ஆராய்ச்சி நடந்தது.

பிறகு ஏன் நம் ஊர்களில் இது பரவவில்லை? அரசாங்கத்தின் அகராதியைப் பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மண் சுவர் என்றால் 'கச்சா', செங்கல்லும் கான்கிரீட்டும் 'பக்கா'. 2011 கணக்கெடுப்பில்கூட இந்தியக் குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று மண் அல்லது பச்சைச் செங்கல் சுவருக்குள்தான் வாழ்ந்தது. அவ்வளவு பேரின் வீடும் ஒரே சொல்லில் அரைகுறை வீடாகிவிட்டது. தமிழ்நாட்டில் 2010-ல் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்கும் திட்டம் தொடங்கியது. 2024-ல் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம், 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்ற இலக்கோடு வந்தது. ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். ஏழைக்கு உறுதியான வீடு வேண்டும் என்பதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. ஆனால், உறுதி என்றால் கான்கிரீட் மட்டும்தானா என்று கேட்க மறந்துவிட்டோம்.

வேடிக்கை என்னவென்றால், பணக்காரர்கள் இன்று மண்ணுக்குத் திரும்புகிறார்கள். ரிசார்ட்டுகளில் மண் சுவர் அறைக்குத் தனி வாடகை. நகரத்து டாக்டரும் சாஃப்ட்வேர் என்ஜினீயரும் பண்ணை வீட்டுக்கு மண் சுவர் வைக்க ஆர்க்கிடெக்டைத் தேடுகிறார்கள். கிராமத்திலோ, தாத்தா வைத்த மண் சுவரை இடித்துவிட்டு, மே மாதம் அடுப்பாகக் கொதிக்கிற தளத்துக்குக் கீழே மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருக்கிறார்கள். இருப்பவர் மண் வீட்டில் வாழ்ந்தால் 'ரசனை'. இல்லாதவர் வாழ்ந்தால் 'பாவம்'. சாந்து பூச அனுமதி கேட்ட காலத்திலிருந்து நாம் ரொம்ப தூரம் வந்துவிடவில்லை.

குடிசையில் இருப்பவரிடம் போய், 'மண் வீடுதான் ஆரோக்கியம், அப்படியே இரு' என்று ஏ.சி. அறையிலிருந்து உபதேசிப்பது அயோக்கியத்தனம். செய்ய வேண்டியது வேறு. மண் கட்டியில் கட்டிய வீட்டுக்கும் அரசாங்கப் பணம் உண்டு, வங்கிக் கடன் உண்டு, என்ஜினீயர் கையெழுத்து உண்டு என்றாக வேண்டும். ஏரிகளைத் தூர்வாரும்போது குவியும் மண்ணில் எது சுவருக்கு ஆகும் என்று ஊருக்கு ஊர் பரிசோதித்துச் சொல்லலாம். அரசு அலுவலகமோ பள்ளிக்கூடமோ, பத்துப் பேர் மதிக்கிற ஒரு கட்டடம் முதலில் மண்ணில் எழும்ப வேண்டும். கலெக்டரின் வீடு மண் சுவர் என்றால், குப்பனின் வீட்டு மண் சுவரைப் பார்த்து யாரும் மூக்கைச் சுளிக்க மாட்டார்கள்.

இதில் அவசரமும் இருக்கிறது. மகேந்திரவர்மனின் குகை இன்னும் ஆயிரம் ஆண்டு நிற்கும். அதை எப்படிக் குடைந்தார்கள் என்று கல்லைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஒரு கைப்பிடி மண்ணை உருண்டை பிடித்து, கீழே போட்டுப் பார்த்து, 'இது ஆகும்', 'இது ஆகாது' என்று சொல்லத் தெரிந்த பெரியவர்கள் ஊருக்கு ஒருவர் இருவர்தான் மிச்சம் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயதாகிவிட்டது. சுவர் கரைந்தால் நத்தமேடாவது மிஞ்சும். அவர்கள் போய்விட்டால் அந்த அறிவு எந்த மேட்டிலும் மிஞ்சாது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்படி ஒருவர் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கேட்டு எழுதி வையுங்கள்.